நகரசபை தந்த அட்டை

புலம்பெயர்ந்து டண்டினொங்குக்கு வருமுன் ஏழெட்டு வேலை மாறியிருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு எல்லா வேலையும் ஒன்றுதான். அந்த ஆண்டு நகரசபைக்காகப் பிள்ளைகளின் அடையாளப் பொதிகளை வீடுவீடாகக் கொடுத்தேன். ஓர் அட்டை, விரல்ரேகை பதிக்க மை, படம் ஒட்ட இடம். பிள்ளை தொலைந்தால் பொலிசிடம் காட்டலாம். குடும்பங்களுக்கு இலவசம், செலவு வரிப்பணம். அந்தப் பணத்தில் தெருவைத் திருத்தலாமே என்று சிலர் பத்திரிகைக்கு எழுதினார்கள். பொதிகள் மிஞ்சினால் திட்டமே நின்றுவிடும் என்றாள் என் மேலாளர்.

போருக்குத் தப்பி வந்த எங்கள் ஆட்கள்தான் வாங்க மறுத்தார்கள். நான் அறை எடுத்திருந்த வீட்டு அண்ணைகூடச் சிரித்தார்.

"ரேகை குடுத்த ஆக்கள் ஊரில என்னவானவை எண்டு உமக்குத் தெரியாதே?"

"அட்டை உங்கட வீட்டிலதான் இருக்கும், அண்ணை. ஒருத்தரும் கொண்டுபோகமாட்டினம்."

"முதல்ல அப்பிடித்தான் சொல்லுவினம்."

குசினியிலிருந்து அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், "நாலு வயதுப் பிள்ளை, நிரப்புங்கோவன்," என்றார். அண்ணை தனியே இருந்து நிரப்பி, உறையை ஒட்டி, மேசை லாச்சியில் வைத்தார்.

இரண்டு கிழமை கழித்து, எல்லோரும் போயிருந்த சனிக்கிழமைச் சந்தையில் பிள்ளையைக் காணவில்லை. அண்ணை மீன்கடைப் பக்கம் ஓடினார். அக்கா அழுதபடி சந்தை வாசலில் நின்றார். நான் இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்கு ஓடி, உறையோடு அட்டையைக் கொண்டுவந்து, வாசல் மேசையில் இருந்த பொலிஸ்காரியிடம் கொடுத்தேன். உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒலிபெருக்கியில் பெயர் வந்தது. நான் கேட்டிராத பெயர். வயது ஆறு என்றார்கள். திரும்பவும் சொன்னார்கள்.

அக்கா அழுகையை நிறுத்தினார். "ஆரைக் கூப்பிடுகினம்?"

வெறுங்கையோடு திரும்பி வந்த அண்ணையின் முகம் வெளுத்திருந்தது. "பேரும் பொய், வயதும் பொய். படம் ஒட்டேல்லை. ரேகை என்ர."

எனக்குக் கோபம் வரவில்லை. படிவத்தில் உண்மை எழுதாதவன் தப்பிய ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். நானே மூன்று பெயர்களில் இருந்திருக்கிறேன்.

பொலிஸ்காரி என்னைப் பார்த்தாள். அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தார். "சொல்லாதையும். விசா முடிவு இன்னும் வரேல்லை."

"சொல்லும் தம்பி!" அக்கா கத்தினார். "விசா கிடக்கட்டும்!"

சொன்னேன். ஏன் பொய் எழுதினீர்கள் என்று பொலிஸ்காரி கேட்கவில்லை. அட்டையை மேசையில் கவிழ்த்துவிட்டு, சரியான பெயரை எழுதி வாங்கிக்கொண்டாள். அந்தப் பெயர் ஒலித்துச் சில நிமிடங்களில், ஒரு மரக்கறிக்கடைக்காரி பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தாளாம்.

"முதல்லயே கூப்பிட்டது கேக்கேல்லையே?" அக்கா உலுக்கினார்.

"கேட்டது. அது வேற பிள்ளையைத் தேடினவை," என்றாள் பிள்ளை.

அட்டை உதவியதா என்று அறிக்கைக்காக மேலாளர் கேட்டாள். இல்லை என்றேன். யார் வாசிப்பார்கள் என்று தெரியாமல் எங்கள் ஆட்கள் உண்மை எழுதமாட்டார்கள், வீட்டுக்கு வீடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும் என்றேன். பொதி வாங்கப் பணம் இருக்கிறது, பேசுவதற்கு இல்லை என்றாள்.

அண்ணை தானாகவே இன்னொரு அட்டை கேட்டார். கொடுத்தேன். இம்முறை அக்காதான் நிரப்பினார்.