புது மேசையைப் பழசாக்கிய கதை

பெயிண்டை நன்றாக அடித்ததற்காக யாரும் என்னைத் திட்டியதில்லை. நன்றாகச் சுரண்டியதற்காக ஒரு முறை வேலையே போகப் பார்த்தது.

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலி குவார்ட்டர்ஸ் மராமத்தில் நான் கான்ட்ராக்ட் பெயிண்டர். பர்மனென்ட் லிஸ்டில் என் பெயரை எழுத வேண்டியவர் சூப்பர்வைசர் கோதண்டம். லிஸ்ட் எழுதும் அந்த வாரம்தான் புதிதாக வந்த ஒரு எஞ்சினியர் வீட்டுக்கு என்னை அனுப்பினார்.

எஞ்சினியர் பிரான்சில் இரண்டு வருடம் பயிற்சியில் இருந்தவர். அங்கே ஊர்ப்புறத்தில் ஒரு விவசாயியின் பழைய வீட்டில் குடியிருந்தார்களாம். இந்த வீட்டையும் அதைப் போலவே ஆக்கிவிட வேண்டுமென்று அவர் மனைவிக்கு ஆசை. சுவருக்கு வெறும் சுண்ணாம்பு. அலமாரிக் கதவைக் கழற்றிவிட்டுப் பூப்போட்ட துணித்திரை. பண்ருட்டியில் செய்த புத்தம்புதுப் பலாமர மேசைக்கு வெள்ளை பெயிண்ட்.

மூன்று கோட் அடித்துக் கண்ணாடி மாதிரி கொண்டுவந்தேன். அந்தம்மா சுற்றிவந்து பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்கு. இப்ப ஓரமெல்லாம் சுரண்டிடுங்க."

"எதுக்கும்மா? நல்லாத்தான இருக்குது?"

"நூறு வருஷம் புழங்கின மாதிரி இருக்கணும்."

வயிறெரிந்தது. ஆனாலும் உப்புத்தாளை எடுத்தேன். முழங்கை படும் இடம், பிள்ளைகள் உதைக்கும் இடம் என்று யோசித்து யோசித்துத் தேய்த்ததில் எனக்கே ருசி பிடித்துவிட்டது.

மறுநாள் அந்தம்மா மார்க்கெட் போயிருந்தபோது கோதண்டம் வந்தார்.

"யோவ், என்னய்யா இது, எலி கொறிச்ச மாதிரி? மத்தியானச் சங்கு ஊதினா எஞ்சினியர் அய்யா சாப்பிட வந்துருவாரு!"

"அம்மாதாங்க சுரண்டச் சொன்னாங்க."

"எந்தம்மா புது மேசையைச் சுரண்டச் சொல்லும்? பொய் வேற சொல்றியா? லிஸ்ட்ல உன் பேரு இருக்காது, பாத்துக்க!"

பிரஷைப் பிடுங்கி அவரே அடிக்க ஆரம்பித்தார். இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டப்பாவைப் பிடித்துக்கொண்டு, "அங்க ஒரு எடம் வுட்டுப்போச்சுங்க" என்றேன்.

மேசையின் நாலாவது காலையும் அவர் அடித்து முடிக்கும்போது அந்தம்மா வந்துவிட்டார்.

"அய்யோ! யாரு இப்படிக் கெடுத்தது?"

கோதண்டம் கையில் பிரஷ், முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்தார். அதற்கு முன் ஒருநாளும் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"கெடுக்கலைங்கம்மா. மேல ஒரு கோட் போட்டு, காயறதுக்குள்ள டர்பன்டைன் துணியால தொடச்சா இன்னும் பழசாத் தெரியுமாம். நம்ம சூப்பர்வைசர் சார்தான் சொல்லிக்கினு இருந்தாரு."

பிறகு சங்கு ஊதும் வரை சூப்பர்வைசர் தரையில் உட்கார்ந்து மேசைக்கால் துடைத்தார். "அந்த மூலையில இன்னும் கொஞ்சம் தொடைங்க சார்" என்று நானும் விடவில்லை.

லிஸ்டில் என் பெயர்தான் முதலில் இருந்தது.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மேலதிகாரி தப்பு செய்தால் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் டப்பாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரஷ் மட்டும் அவர் கையிலேயே இருக்கட்டும்.