புத்தகத்தை மூடிவிட்டுப் படித்த தாயும் மகளும்

ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். ஒரு கோடை விடுமுறையில் எங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தால்தான் மனதில் தங்கும், அதையும் சில நாள் இடைவெளி விட்டுச் செய்ய வேண்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றனவாம். விளக்கியவர் கடைசிவரை தாளைப் பார்த்தே வாசித்தார்.

பள்ளி திறந்ததும் முயன்று பார்த்தேன். வகுப்பு தொடங்கும்போது பழைய பாடங்களிலிருந்து சில கேள்விகள். மதிப்பெண் கிடையாது என்றேன். பிள்ளைகள் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

ஒரு மாணவியின் அம்மா என்னைத் தேடி வந்தார். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார்.

"இன்னா டீச்சர், முடிஞ்ச பாடத்தையே கேட்டுகினு கீறீங்களாம்?"

"மறக்காம இருக்கத்தாம்மா. நீங்களும் வீட்ல கேளுங்க."

"நான் ஒம்போதோட நின்னவ. எனக்கு இன்னா தெரியும்?"

"பதில் தெரிய வேணாம். புத்தகத்த நீங்க வெச்சுக்குங்க. அவ பாக்காம சொல்லட்டும்."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. தூக்கக் கலக்கத்தில் சரி என்றார்.

சில மாதம் கழித்து அந்த மாணவி முறையிட்டாள். "மிஸ், இப்ப எங்கம்மா புக்க எங்கிட்ட குடுத்து, என்னைக் கேக்கச் சொல்றாங்க. நான் எப்ப படிக்கிறது?"

அடுத்த வாரம் அம்மாவே வந்தார். பத்தாவது தேறினால் உற்பத்தி லைனிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றலாம் என்று சூப்பர்வைசர் சொன்னாராம். தனித்தேர்வராக எழுத முடியுமா என்று கேட்டார். விண்ணப்பிக்க உதவினேன்.

இருவரும் ஒரே நாட்களில் வேறு வேறு மையங்களில் எழுதினார்கள். மகள் எல்லாப் பாடத்திலும் தேறினாள். அம்மா கணக்கில் தவறிவிட்டார். ஆனால் அறிவியலில் மகளைவிட அதிகம். அதை என்னிடம் சொல்லும்போது மகள் சிரிக்கவில்லை.

அந்த வருடம் என் வகுப்பு வழக்கத்தைவிட நன்றாக எழுதியிருந்தது. வினாத்தாள் எளிது என்றார் தலைமையாசிரியர். ஆனாலும் எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

துணைத் தேர்வுக்கு அம்மாவைத் தயார்செய்யும் பொறுப்பை மகளே எடுத்துக்கொண்டாள்.

"எப்படிம்மா நடத்துறா?" என்று கேட்டேன்.

"ரொம்ப கண்டிப்பு டீச்சர். தப்பா சொன்னா டீ குடிக்க விடமாட்டேங்குறா."

கணக்கிலும் தேறினார். இப்போது தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார்.