இரண்டு கார்டிலும் மேனேஜர்

வீடியோ எடுப்பவருக்கு ஊரில் வைத்த பெயர் 'டபுள்'. பையில் இரண்டு கைக்குட்டை, வீட்டுக்கு இரண்டு பூட்டு, கேமராவில் இரண்டு மெமரி கார்டு. எப்போதோ ஒரு கல்யாணத்தில் கார்டு பழுதாகி, மாப்பிள்ளையின் இடது காதைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை. அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

வேலைக்குக் கிளம்பும் முன் கார்டுகளைக் கேமராவிலேயே போட்டு ஃபார்மேட் செய்வார். அழித்தபின் ஒருமுறை திறந்து பார்ப்பார். காலியாக இருக்கிறதே என்று ஒரு கணம் பதறுவார். பிறகுதான் ஆறுதல்.

அன்றைக்கு மனைவிக்கு வழியனுப்பு விழா. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். மேடையில் பேசச் சொல்லியிருந்தார்கள். துணி மடிக்கும்போதெல்லாம் வாய்க்குள் ஒத்திகை நடந்தது. இவர் பக்கத்தில் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள்.

"ஏங்க, கேமராவை ஸ்டாண்டுல நிறுத்திட்டு முன்வரிசைல வந்து உக்காரணும். கல்யாணமான நாள்லேர்ந்து என்னை அந்த ஓட்டை வழியாத்தான் பாக்கறீங்க."

"சரிம்மா."

"ஒரு கார்டு நிறைஞ்சா அடுத்ததுக்குப் போற மாதிரி வைங்க. எங்க மேனேஜர் மைக்கைப் பிடிச்சா விடமாட்டார்."

"அந்த மோடே ஆகாது. ஒண்ணு போச்சுன்னா?"

ஒரே காட்சி இரண்டு கார்டிலும் சேர்ந்து பதிவாகும் மோடில் வைத்தார். தரத்தையும் உச்சத்தில் ஏற்றினார். மனைவி அல்லவா.

மேனேஜர் மைக்கைப் பிடித்தார். சலவை இயந்திரம் வாங்கிய கதையை அதன் பிறப்பிலிருந்து தொடங்கினார். பிறகு தன் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு வந்தார். இரண்டு முழங்கால். கூட்டம் கைதட்டி அவரை உட்காரவைக்கப் பார்த்தது. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். ஒருவழியாக அவர் இறங்கியபோது இரண்டு கார்டும் ஒன்றாக நிறைந்திருந்தன.

பையில் இருந்த மற்ற இரண்டு கார்டிலும் இன்னொருவர் வீட்டுக் கல்யாணம், இன்னும் கணினியில் ஏற்றாதது. கைவைக்க முடியாது. மேடையில் மனைவியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேனேஜருக்கு இரண்டு பிரதி எதற்கு என்று வாழ்க்கையில் முதல்முறையாக டபுளுக்குத் தோன்றியது. ஒரு கார்டை உருவிச் சட்டைப்பையில் போட்டார். மற்றதைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யப் போனார். 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்றது திரை. 'ஆம்' என்று அழுத்தினார்.

"ஏங்க!" மைக்கில் மனைவியின் குரல். "நீங்க வந்து உக்காந்தாத்தான் ஆரம்பிப்பேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "போங்க அண்ணே, அண்ணி கூப்பிடறாங்க!" என்று யாரோ முதுகில் தட்டினார்கள். டபுள் திரையைப் பார்க்காமலே பதிவுப் பொத்தானை ஓர் அழுத்து அழுத்திவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தார். சிவப்பு விளக்கைத் திரும்பிப் பார்க்கத் துடித்த கழுத்தை அடக்கிக்கொண்டார்.

அவள் பேசினாள்.

முடிந்ததும் கேமராவுக்குப் போனார். திரையில் ஒரு கேள்வி காத்திருந்தது: 'உறுதியாக அழிக்கவா?' கேமராவும் இரண்டு முறை கேட்கும் ஜாதிதான். பதில் வராததால் அது எதையும் அழிக்கவில்லை, எதையும் பதியவுமில்லை. மேனேஜர் இரண்டு கார்டிலும் பத்திரமாக இருந்தார்.

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கதவின் இரண்டாவது பூட்டைத் திறக்கும்போது, அவள் பேச்சு பதிவாகவில்லை என்று டபுள் சொல்லிவிட்டார். மனைவி செருப்பைக் கழற்றினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உக்காந்து பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்ப சொல்லுங்க."

டபுள் நின்றபடியே சொன்னார். முதல் நாள் ஆவியில் கையைச் சுட்டுக்கொண்டது, நோயாளியின் படுக்கை விரிப்பில் பல்செட்டு கிடைத்து வார்டு வார்டாக ஆள் தேடியது, "எங்க வீட்டுக்காரர் பயந்தாங்கொள்ளி, ஆனா ராத்திரி ஷிப்டு முடிஞ்சு நான் வெளிய வந்தா கேட்டுல நிப்பார்" என்றது, அங்கே நிறுத்தித் தண்ணீர் கேட்டது. தண்ணீர் குடித்ததைக்கூட விடவில்லை.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் திருத்தினாள்: "பல்செட்டு இல்ல, மேல்செட்டு மட்டும்."

சொல்லி முடித்தார்.

"இன்னொருவாட்டி சொல்லுங்க," என்றாள். "ஒண்ணு போச்சுன்னா?"

டபுள் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.