கீறல் விழாத கார்

என் ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கார்களுக்கு சீட் கவர் தைப்பவள். ஐம்பதைத் தாண்டியதும் காது மந்தமாகத் தொடங்கியது. முதலில் காலிங் பெல் போனது, அப்புறம் பேச்சு, அப்புறம் பாட்டு. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே நாளெல்லாம் பாடியவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதைவிட என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது அவள் கணவர், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன்; நான் மூத்தவர் என்பேன். வீட்டில் என்ன முடிவானாலும் அவளை எதிரில் வைத்துக்கொண்டே, "அவகிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவளுக்குத்தான் காது கேக்காதே" என்பார். வாயசைவைப் பார்த்தே அவள் எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

ஒருநாள் அவள் கார் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். சிக்னலில் அடுத்த காரில் எவனோ பாட்டை அலறவிட்டிருந்தான். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அக்கா நெஞ்சில் கை வைத்தாள்.

"இங்க கேக்குதுடி! என்ன பாட்டுன்னுகூடத் தெரியுது."

பச்சை விளக்கு விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. ஹாரன் அடித்தவர்களை நான்தான் திட்டினேன்.

பாட்டின் அடியை உடம்பில் உணரவைக்கும் பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபர் வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். மூத்தவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"காது கேக்காதவளுக்குப் பாட்டு எதுக்கு? வண்டியோட வந்த கம்பெனி செட்ட யாரும் கழட்டக் கூடாது. வண்டில ஒரு கீறல் விழுந்துச்சு, அப்புறம் இருக்கு!"

அவள் தைத்துச் சம்பாதித்த காசில் வாங்கிய கார் அது. ஆனாலும் அதில் கீறல் விழக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தினமும் துடைப்பதும் அவள்தான்.

ஆடியோ கடைக்காரர் சாமான்களை விற்றார், எப்படி மாட்டுவது என்றும் விளக்கினார். மாட்டித் தரச் சொன்னால் மட்டும், "சார ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கம்மா" என்று இழுத்தார்.

"ஏன், சாருக்கா காது கேக்கல?" என்று கேட்டுவிட்டு அக்கா பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தெருவே பார்க்கட்டும் என்று, வாசலிலேயே காரைத் திறந்து போட்டோம். சீட்டைக் கழற்றுவது அவளுக்குத் தலையணை உறை மாற்றுவது மாதிரி. பேட்டரியிலிருந்து தடித்த வயர், அதன் பக்கத்திலேயே ஃபியூஸ். வயரைத் தரைவிரிப்புக்கு அடியில் ஓட்டி, டிக்கியில் சப்வூஃபரோடு வைத்த ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோனாள். கம்பெனி செட்டில் ஆம்ப்புக்கென்று தனி வழி கிடையாது. அதனால் பின் ஸ்பீக்கருக்குப் போகும் வயர்களில் கிளை எடுத்து, சிக்னலை மாற்றித் தரும் ஒரு சின்னப் பெட்டி வழியாக இணைத்தாள். செட் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. நான் டார்ச் பிடித்தேன். வேடிக்கை பார்த்தபடி யோசனை சொன்னவர்களுக்குப் பதிலும் சொன்னேன்.

கடைசியாக எர்த் வயர். அதை டிக்கியின் தகட்டில் போல்ட் போட்டு முடுக்கினாள். பாட்டைப் போட்டோம். 'டம்' என்று ஒரே ஒரு அடி. ஆம்ப் அணைந்துவிட்டது. திரும்ப எரிந்தது, திரும்ப ஒரு அடி, திரும்ப அணைந்தது. அக்காவின் முகம் சுருங்கிப்போனதை என்னால் பார்க்க முடியவில்லை.

மூத்தவருக்கு வாயெல்லாம் பல். என்னிடம் சொன்னார்: "எல்லாத்தையும் கழட்டிப் போடச் சொல்லும்மா. நான் சொன்னா அவளுக்கு எங்க கேக்கப்போவுது?"

அக்கா குனிந்து அந்த போல்ட்டைத் தடவிப் பார்த்தாள். நானும் பார்த்தேன், அவள் தோளைத் தொட்டு என் பக்கம் திருப்பினேன்.

"அக்கா, பெயின்ட் மேலயே முடுக்கிட்டீங்களே, கரன்ட் எப்படி ஓடும்? சுரண்டிட்டு வெறும் இரும்புல வைக்கணும்னுதானே கடைக்காரர் சொன்னாரு?"

"கை வரலடி. கீறல் விழக் கூடாது, கீறல் விழக் கூடாதுன்னு கேட்டுக் கேட்டு..."

நிமிர்ந்தாள். ஃபியூஸை உருவினாள். தையல் பெட்டியிலிருந்து பெரிய கத்திரிக்கோலை எடுத்து வந்தாள். மூத்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரட் வரட்டென்று சுரண்டினாள். இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகும் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தாள். அது தேவையில்லாத இழுப்புதான். எனக்குக் குளுகுளுவென்றிருந்தது.

போல்ட்டை முடுக்கி, ஃபியூஸைச் செருகி, பாட்டைப் போட்டோம். இந்த முறை அணையவில்லை. கண்ணாடி அதிர்ந்தது, சீட் அதிர்ந்தது, முன்சீட்டில் உட்கார்ந்திருந்த என் விலா எலும்பும் அதிர்ந்தது. அக்கா முதுகை சீட்டில் நன்றாக அழுத்திக்கொண்டாள். பிறகு வாயைத் திறந்து, அத்தனை நாளைக்கும் சேர்த்து, பெருங்குரலெடுத்துப் பாடினாள்.

மூத்தவர் ஜன்னலுக்கு ஓடி வந்தார். "சத்தத்தைக் குறைடி! மானம் போவுது!"

அவர் வாயை அவள் கடைசி எழுத்து வரை கவனித்துப் பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள். "எனக்குத்தான் காது கேக்காதே."

கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.