உள்ளங்கைச் சீனி

ஜீவராணி இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தாதியர் பட்டப்படிப்புக்குப் போன பெண். இரத்தம் உறிஞ்சும் அட்டையைக் கண்டால் அலறுவாள். தோட்டத்துப் பிள்ளைக்கு இப்படியொரு பயமா என்று நான் கேலி செய்தால், "அட்டைக்குத் தெரியுமாண்ணே, நான் தோட்டத்துப் புள்ளன்னு?" என்பாள்.

அவளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது என் அம்மா வீரம்மாவின் கால் பெருவிரல். அம்மாவுக்குச் சீனி வியாதி. கொழுந்து பறிக்கப் போன இடத்தில் பட்ட காயம் மாதக்கணக்காக ஆறவில்லை. கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டிப் பார்த்தார்கள். சீனி இறங்கவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார்கள். மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை போல என்று அங்கே ஒருவர் சொல்ல, எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான்தானே கையில் கொடுத்து விழுங்க வைக்கிறேன்! ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறவன் நான், வாய் கொஞ்சம் நீளம். அன்று நன்றாகவே சத்தம் போட்டேன்.

அடுத்த வாரம், அந்தக் கிளினிக்கில் பயிற்சிக்கு வந்திருந்த ஜீவராணி வீட்டுக்கு வந்தாள். கூடவே அவளுடைய விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துக் கேதீஸ்வரி மிஸ். நோயாளியின் வீட்டுக்கே போய், அவர் சாப்பாடு, பழக்கம் எல்லாவற்றையும் கேட்டறியத் தெரியவேண்டும். அது அவர்கள் படிப்பில் ஓர் இலக்காம்.

"தேத்தண்ணிக்கு சீனி போடுவீங்களாம்மா?"

"இல்லம்மா, பாலும் கெடையாது, வெறும் சாயந்தான்."

இல்லை என்று எழுதிக்கொண்டாள். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? அம்மா தேத்தண்ணி ஊற்றி, சீனி டின்னோடு வந்தார். எங்கள் தோட்டத்து ஆட்களின் வழக்கம் அது. சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே சாயத்தைக் குடிப்போம். ஜீவராணியும் பேச்சை நிறுத்தாமல் கையை நீட்டி வாங்கி, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடித்தாள். மிஸ் மட்டும் கையை நீட்டவில்லை.

"எனக்குக் கோப்பைக்குள்ளயே போட்டுத் தாங்கோ அம்மா."

ஜீவராணி அப்படியே நின்றுவிட்டாள். தன் கையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"அம்மா, இது மாதிரி நாளைக்கு எத்தன தடவ?"

"அதுக்கெல்லாம் கணக்கு ஏது? குளிருக்குக் குடிச்சுக்கிட்டேதான் இருப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சீனி டின்னை எடுத்து மூடினேன்.

"மிஸ், நான் தப்பா எழுதிட்டேன்," என்றாள் ஜீவராணி. "நானும் இப்படித்தான் வளந்தேன். அதான் கண்ணுல படல."

"இப்பதான் நீர் சரியாக் கேட்டிருக்கிறீர்," என்று மிஸ் தேற்றிவிட்டார்.

இலக்கு முடிந்ததென்று அவள் போயிருக்கலாம். போகவில்லை. பயிற்சி முடிந்த பிறகும் லீவு நாட்களில் பஸ் ஏறி வந்தாள். காயத்துக்கு மருந்து கட்டினாள். அம்மாவோடு உட்கார்ந்து சீனியில்லாத சாயத்தை முகம் சுளித்துக்கொண்டு குடித்தாள். மெல்ல மெல்லச் சீனி இறங்கியது, காயம் மூடியது. விரல் தப்பியது. கூடப் பிறந்தவள் இருந்தாலும் இவ்வளவு செய்திருப்பாளா தெரியாது. அவளுக்கு நான் பட்ட கடன் தீராது.

போன மழைக்காலத்தில், தாதியாக வேலை கிடைத்ததைச் சொல்ல வந்தாள். அம்மா தானே ரோட்டுவரை இறங்கிப் போய்க் கூட்டிவந்தார். வாசலில் வைத்துப் பார்த்தால் அவள் காலில் ஓர் அட்டை. அலறல் அடுத்த லயம்வரை கேட்டது. அம்மா குனிந்து அதைப் பிடுங்கி எறிந்தார்.

"என் காலக் காப்பாத்துன புள்ள. இதுகூடச் செய்யலன்னா எப்படி?"