முள் குத்தாத மீன்

போன மாதம் ஒரு புதன்கிழமை. கம்பெனி ஸ்டோர்ஸில் சரக்கு சரிபார்த்துக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி வந்து நின்றார்.

"மேடம், உங்க வூட்டு ஓனரம்மா லைன்ல கீறாங்க. அர்ஜென்ட்டாம்."

ஓனரம்மா ஒருநாளும் கம்பெனிக்குப் போன் செய்தவர் இல்லை. எதுவாக இருந்தாலும் மாடிப்படிக்குக் கீழே நின்று ஒரு குரல் கொடுப்பார், அவ்வளவுதான். ஓடிப்போய் ரிசீவரை எடுத்தேன்.

"இன்னாம்மா, சீக்கிரம் வூட்டாண்ட வா. உன் மாமனாரு உள்ள தாப்பா போட்டுகினு கீறாரு. ஜன்னல்லேர்ந்து பொகையா வருது. தட்டித் தட்டிப் பாக்கறேன், தொறக்க மாட்டேன்றாரு."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாதாரண நாளாக இருந்தால் இப்படிப் பயந்திருக்க மாட்டேன். ஆனால் அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டு நிலவரம் அப்படி.

மாமா தூத்துக்குடிப் பக்கம். வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போனவர். மாமி இறந்த பிறகு அவரை அங்கே தனியாக விட மனசு வராமல் இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்து வந்துவிட்டோம். இங்கே ஜன்னலைத் திறந்தால் பெங்களூர் ரோடு. லாரிகளில் அடுக்கிவைத்த புதுக் கார்கள் போய்க்கொண்டே இருக்கும். மாமா நாற்காலியைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். குறையொன்றும் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை.

தட்டு வைத்தால் இரண்டு வாய். அப்புறம், "பசிக்கலம்மா."

சாரம், அதாவது லுங்கி, இடுப்பில் நிற்காமல் அதன் மேல் பெல்ட் கட்ட ஆரம்பித்தார். ஒருநாள் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரிடம் காட்டினோம். ரத்தம், சர்க்கரை எல்லாம் சரியாகவே இருந்தது. "சாப்பிடாம இருக்கறதுதான் இவருக்கு வியாதி. இப்படியே போனா அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்த வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

நாங்களாக ஒரு காரணம் கண்டுபிடித்தோம். கடலிலிருந்து நேரே சட்டிக்குப் போன மீனைத் தின்று வளர்ந்தவர்... இங்கே ஐஸ் பெட்டியில் வரும் மீன் அவருக்கு எப்படி இறங்கும்? என் கணவர் வார லீவில் விடியுமுன்பே பைக்கை எடுத்துக்கொண்டு காசிமேடு போய், துடிக்கத் துடிக்க விளமீன் வாங்கி வந்தார். மாமா செவுளைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல மீனு" என்றார். குழம்பு வைத்துக் கொடுத்தேன். மோரை ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

அப்போதே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும், கோளாறு மீனில் இல்லை என்று. புரியவில்லையே!

இதற்கு நடுவில்தான் வீட்டுக்கு டின் மீன் வந்தது. என் கணவர் கம்பெனியில் இருந்த வெளிநாட்டு இன்ஜினீயர்கள் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, கிச்சனில் மிச்சமிருந்ததை எல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் பங்குக்கு ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே நூடுல்ஸ், கூடவே ஏழெட்டு டின். டின்மேல் இருந்த எழுத்து எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. மீன் படம் மட்டும் புரிந்தது. நான் அவசரமாக அதையெல்லாம் அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். கடல்காரருக்கு டப்பா மீனா? நகைக்கடைக்காரரிடம் கவரிங் வளையலைக் காட்டுகிற மாதிரி இருக்காதா?

அந்த நிலைமையில்தான் இந்தப் போன். என் கணவர் வேலை பார்க்கும் லைனுக்கு உடனே தகவல் போகாது. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். சாப்பிடாத மனுஷன், மனைவியை இழந்தவர், தாழ்ப்பாள், புகை... என்னவெல்லாம் நினைத்தேன் என்று இங்கே எழுத வேண்டாம். உங்களுக்கே தெரியும்.

வீட்டு வாசலில் ஓனரம்மா இரும்பு உலக்கையோடு நின்றிருந்தார். கீழ் ரூமில் தங்கியிருக்கும் ஷிப்ட் பையன்கள் இரண்டு பேர் கதவை உடைக்கத் தயாராக. நான் மாடி ஏறினேன், அவர்களும் பின்னாலேயே வந்தார்கள். பாதிப் படியில் இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர். நின்றேன்.

இது... காய்ந்த மிளகாய் நெடி இல்லையா?

மேலே ஏறிக் கதவைத் தட்டினேன். உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். அது நின்றது. தாழ்ப்பாள் விலகியது. மாமா நின்றார், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சிவந்த கண்களோடு.

"என்னம்மா, இந்நேரத்துக்கே வந்துட்ட? லீவு போட்டியா?"

"எவ்ளோ நேரமா தட்டறாங்க மாமா. கேக்கலியா?"

"மொதல்ல இடிச்சுட்டுக் கெடந்தேன், பெறவு மிக்ஸி ஓடிட்டுக் கெடந்துச்சுல்லா. ஒண்ணும் கேக்கல."

"தாப்பா எதுக்குப் போட்டீங்க?"

"பூனை வருதும்மா. மீன் வாடைக்கு உள்ளயே ஏறி வருது."

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. பையன்கள் தலையைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கிப் போனார்கள்.

அடுப்படியைப் பார்க்க வேண்டுமே! டின்னை என் நல்ல கத்தியாலும் அம்மிக் குழவியாலும் இடித்துத் திறந்திருந்தார். மூடி ரம்பம் மாதிரி கிழிந்து கிடந்தது. கட்டைவிரலில் மஞ்சள் தடவிய துணிக்கட்டு. வாணலியில் மிளகாய் கருகிப்போய்க் கிடந்தது. பக்கத்து அடுப்பில், சட்டியில், செக்கச்செவேலென்று ஒரு குழம்பு.

"தீப்பெட்டியத் தேடுனேன். டிரம்முக்குப் பொறத்தால இது இருந்துச்சு. படத்துல சாளை மாதிரி போட்டிருந்தான். டப்பாக்குள்ள அது என்ன கதியில கெடக்கோன்னு தொறந்து பாத்தேன்."

சொல்லிக்கொண்டே அவரே தட்டு எடுத்தார். அவரே சோறு போட்டுக்கொண்டார். ஓனரம்மா கதவருகில் நின்றபடி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. பேசினால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

முதல் சோறு முடிந்தது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். அப்புறம் குனிந்தபடியே சொன்னார்.

"முள்ளத் தேடுதேன், இல்ல. நடுமுள்ளு கெடக்கு. ஆனா வாயில வச்சா மாவாப் போவுது."

"வேக வச்சுதான் மாமா அடைப்பாங்க."

கொஞ்ச நேரம் மென்றார்.

"மாமிக்குப் பல்லு போன பெறவு நாந்தான் முள்ளெடுத்துக் குடுப்பேன். தட்டுல மொதல்ல அவ பங்க உதுத்து ஒரு ஓரமா வச்சிட்டுத்தான் நான் திங்கது. இப்பவும் மீனு தட்டுல விழுந்தா கை அதுபாட்டுக்கு முள்ளெடுக்கப் போவுதும்மா. எடுத்து யாருக்கு வைக்க?"

எங்களுக்கு அது தோன்றவே இல்லை. காசிமேடு வரை போனோம், டாக்டர் வரை போனோம். அந்த மனுஷனின் விரல்களை நாங்கள் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஓனரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொளகா நெடிப்பா" என்றார். பிறகு ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் கீது பெரியவரே. எங்க பக்கம் இந்த மாரி மீனுக்கு இன்னா பேரு தெரியுமா? கவலை."

"மீனுக்கா? கவலைன்னா பேரு வச்சிருக்கிய?"

மாமா சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி, ஷிப்ட் முடிந்து வந்த என் கணவரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. கழுவாமல் வைத்திருந்த தட்டைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார், பாவம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் டின் மீன் திருவிழாதான். கடலில்லாத ஊரில் வளர்ந்த எனக்கும் இதில் பெரிய நிம்மதி... செதில் தேய்க்க வேண்டாம், குடல் எடுக்க வேண்டாம். நிறைய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, தண்ணீரை வடித்த மீனை உதிர்த்துப் போட்டு, தேங்காய்ப்பூ தூவி இறக்கினால் அருமையான மீன் புட்டு. உருளைக்கிழங்கோடு பிசைந்து தட்டிப் போட்டால் கட்லெட். குழம்பென்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்கனவே வெந்த மீன் இது. புளியும் மசாலாவும் பச்சை வாடை போகக் கொதித்த பிறகு கடைசியில் போட்டு, ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும். முதலிலேயே போட்டால் மீனைத் தேடத்தான் வேண்டும். உப்பும் யோசித்துப் போடுங்கள், டின்னுக்குள்ளேயே உப்பு இருக்கிறது.

டின்கள் தீர்ந்தன. வேறு எங்கே கிடைக்கும் என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தபோதே, போன ஞாயிற்றுக்கிழமை மாமா பஸ் ஏறி சுங்குவார்சத்திரம் போய், ஒரு பையில் பச்சைச் சாளை வாங்கி வந்துவிட்டார். மறுபடியும் இரண்டு வாயோடு எழுந்துவிடுவாரோ? குழம்பு வைத்தேன். மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

அவர் விரல்கள் முள்ளை எடுத்தன. சதையை உதிர்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்தன. அப்படியே நின்றன. என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பிறகு மாமா மெல்ல அந்த ஓரத்தை உள்ளே தள்ளி, சோற்றோடு பிசைந்து, தானே சாப்பிட்டார்.

வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஐஸு மீனு, அது போவட்டும். புளி தூக்கலா இருக்கும்மா. ஒனக்கு இன்னும் கை பழகல. எங்க, இன்னொரு கரண்டி ஊத்து."

என் சமையலை ஒருவர் குறை சொல்லி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது!