சேற்றைச் சுற்றி ஒரு பாதை

போன ஞாயிறு நண்பர் ராசன் தன் ஜீப்பில் என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மெல்பேர்ணில், நோபல் பார்க் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மன். இந்தப் பழைய ஜீப்பை வாங்கிய நாளிலிருந்து மனிதர் தார் ரோட்டை மதிப்பதே இல்லை.

போன இடம் எனக்குத் தெரிந்த இடம்தான். அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைபடம் கீறுகிற உத்தியோகம் எனக்கு. ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் ஓட்டி விளையாடவென்று காட்டுக்குள் ஒதுக்கிய அந்தப் பாதையைப் படத்தில் போட்டவன் நான். ஆனால் போய்ப் பார்த்தால்... பாதை எங்கே?

நடுவில் ஒரு சேற்றுக் குழி. அதில் இறங்கப் பயந்தவர்கள் இடப்பக்கத்தால் சுற்றிப் போயிருக்கிறார்கள். அந்தப் பக்கமும் சேறானதும் வலப்பக்கம். பிறகு அதற்கும் அப்பால். நான் கீறியது ஒற்றைக் கோடு. இப்போது அங்கே கிடப்பது உழுத வயல். ஆளுயரப் பன்னச் செடிகள் வேரோடு சாய்ந்து கிடந்தன.

"பாத்துப் போங்கோ ராசன், பக்கத்தில ஓடை."

"ஓம், ஓம். நான் ஒருத்தன் கொஞ்சம் ஓரத்தால போறதில என்ன வந்திடப் போகுது?"

போனார். பின்னால் வந்த ஜீப்புகள் எல்லாம் அவருடைய தடத்திலேயே வந்தன.

அந்த ஓடை கீழே இறங்கி ஹேசல் என்கிற அம்மாவின் பண்ணைக்குப் போகிறது. கணவர் இல்லை, கொஞ்சம் பசுக்கள் உண்டு. குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கம் எட்டவில்லை. குடிக்க, சமைக்க, மாட்டுக்குக் காட்ட — எல்லாவற்றுக்கும் அந்த ஓடைதான்.

இப்படி ஓர் இடத்தை யார் தெரிந்தெடுத்தது? பாதைக்கென்று போட்ட கமிட்டிதான், வேறு யார்? அலுவலகத்தார் நாங்கள் மலை முகட்டால் போகலாம் என்றோம் — காட்சி கெட்டுவிடும் என்றார்கள் நடைபயணக் கழகத்தார். மரம் ஏற்றும் லொறிகள் போன பழைய பாதையைக் காட்டினோம் — சப்பென்று இருக்கிறது என்றார்கள் ஓட்டுகிறவர்கள். மிஞ்சியது ஓடைப் பள்ளம். ஓடைக்காகப் பேச ஒருவரும் வரவில்லை, ஆகவே எல்லாருக்கும் சம்மதம்.

எல்லாரும் போய் நடந்து பார்த்தது பெப்ரவரியில். இங்கே அது கடுங்கோடை. நிலம் சீமெந்து மாதிரி இருந்தது. மழைக்காலம் என்று ஒன்று வருமே, அதை ஏன் யாரும் நினைக்கவில்லை? ஹேசலிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? அவர் வீடு காட்டு எல்லைக்கு வெளியே. எங்கள் படங்கள் எல்லையோடு நின்றுவிடும் — அது அலுவலக வழக்கம்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி மறுபடி கூடியது. ஹேசலும் வந்தார். வீட்டுத் தண்ணீரை ஒரு ஜாம் போத்தலில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பால் விட்ட தேத்தண்ணீர் நிறம். பசுக்களே முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனவாம்.

தலைவர் நல்ல மனிதர், மெய்யாகவே வருந்தினார். உடனே தீர்மானம் ஆயிற்று — இந்தப் பாதையை மூடுவது, பக்கத்துப் பள்ளத்தில் புதிதாக ஒன்று திறப்பது. கைதட்டல் வேறு.

சேற்றைச் சுற்றிப் போகிற அதே ராசன் புத்தி. இந்த முறை ஒரு மலையையே சுற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

"அந்தப் பள்ளத்துக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?" என்று ஹேசல் கேட்டார்.

எல்லாரும் சுவரில் தொங்கிய என் படத்தைப் பார்த்தார்கள். அது எல்லையோடு நின்றிருந்தது. ஹேசல் போத்தலை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு எல்லாம் வெறுத்துவிட்டது. அந்த ஓடை இனி எப்போது தெளியுமோ, அந்த மனுஷி அதுவரை அங்கே இருப்பாரோ... தெரியவில்லை. புதுப் பாதையைக் கீறித் தரச்சொல்லி மறுநாளே என் மேசைக்கு உத்தரவு வந்துவிட்டது.

மாலையில் ராசன் ஃபோன் எடுத்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"பாவம் அந்த மனுசி" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

"அப்ப... புதுப் பாதை எப்ப திறப்பினம்?"